போங்கோலுக்கு எதை வாங்குவது: பழைய டயரா, பழைய பிளாஸ்டிக்கா, தாரா?

எங்கள் அடுக்குமாடி பினாங்கில், ரெலாவில் இருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் ஏறக்குறைய எண்பது மீட்டருக்கு நேரான தார் ரோடு, அதன் ஒரு பக்கம் பிள்ளைகள் விளையாடும் இடம், மறு பக்கம் மோட்டார் சைக்கிள் கொட்டகை, கடைசியில் மூன்று தட்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஏறும் சரிவு. நேரான ரோட்டைக் கண்டால் யாருக்கும் கால் பெடலை அழுத்தத்தான் செய்யும். அதனால் இரண்டு வருடத்துக்கு முன்பு மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிளாஸ்டிக் போங்கோல், அதாவது வண்டியின் வேகத்தைக் குறைக்கும் மேடு, வாங்கிப் போட்டோம். மறுசுழற்சி செய்த பொருள், விலை குறைவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று விற்றவர் சொன்னார். கமிட்டியில் அதற்குக் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பதினான்கு மாதம் தாங்கியது. முதலில் ஓரத் துண்டு உடைந்தது, அப்புறம் நடுவில் போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது, அப்புறம் ஒரு துண்டு பெயர்ந்து போய் போல்ட்டின் தலை மட்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. போன அக்டோபரில் ஒரு மழை மாலை, ஒன்பதாம் மாடி அக்கா பின்னால் மகளை உட்கார வைத்து மோட்டாரில் மெதுவாகத்தான் வந்தார், அந்தப் போல்ட்டைத் தவிர்க்கக் கைப்பிடியைத் திருப்பியபோது நனைந்த பிளாஸ்டிக்கின் மேல் முன்சக்கரம் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. வேகமாக வந்த எந்தக் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் இந்த முறை கமிட்டி அவசரப்படவில்லை. மூன்று வகைக்குக் கொட்டேஷன் வாங்கினோம்: பழைய டயர்த் தூளில் செய்த ரப்பர் போங்கோல், மறுபடியும் பிளாஸ்டிக் (போன தடவையைவிடக் கனமானது என்றார்கள்), ரோடு போடுகிறவரிடம் தாரிலேயே ஒரு மேடு. கூடவே கார் சக்கரத்தைத் தடுக்கும் கட்டைகள், ஓரக் கம்பங்கள், கோடு போடும் பெயின்ட். நான் சில வாரங்களாக இதையே படித்து, விசாரித்து, நேரில் போய்ப் பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் தாமானிலும் பள்ளியிலும் கோயிலிலும் இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் இருப்பார்கள் என்பதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2023-இல் மலேசியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 6,443 பேர், அவர்களில் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆனால் கொட்டேஷன் கொடுக்க வருகிறவர்கள் காரில் வருகிறார்கள், காரை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள், எத்தனை டன் லோரி ஏறினாலும் தாங்கும் என்கிறார்கள். மழையில் இரண்டு சக்கரம் இதன் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு அவர்களில் ஒருவர்தான் நேராகப் பதில் சொன்னார். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

டயரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், அதனால் ரப்பர் என்றால் வீட்டில் ஒரு பாசம் உண்டு, அந்தப் பாசம் முடிவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் கடுமையாக விசாரித்தேன். டயரைப் பிளாஸ்டிக் மாதிரி உருக்கி மறுபடியும் வார்க்க முடியாது. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது ரப்பரின் இழைகள் ஒன்றோடொன்று கட்டிப்போடப்படுகின்றன, அந்தக் கட்டு சூட்டில் அவிழாது, சூடு கூடினால் கருகும். அதனால் பழைய டயரைத் துண்டு துண்டாக நறுக்கி, காந்தத்தால் கம்பியை இழுத்தெடுத்து, நூலைப் பிரித்து, மிச்சத்தைத் தூளாக அரைக்கிறார்கள். சில ஆலைகளில் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் கண்ணாடி மாதிரி நொறுக்குவதும் உண்டு. அந்தத் தூளைப் பாலியுரேத்தேன் பசையோடு கலந்து அச்சில் போட்டு, சூடும் அழுத்தமும் கொடுத்தால் போங்கோல் துண்டு வந்துவிடுகிறது.

பட்டர்வொர்த் பக்கம் லோரி டயருக்குச் செலுப் போடும், அதாவது தேய்ந்த டயருக்குப் புது மேல்தோல் ஒட்டும், ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். தேய்ந்த டயரைச் சுழலவிட்டு மேல் தோலைச் சுரண்டுகிறார்கள், அதிலிருந்து கறுப்பு நூல் மாதிரி, துருவிய தேங்காயைவிடக் கொஞ்சம் நீளமாக, சூடான தூள் கொட்டுகிறது. கையில் எடுத்துப் பிசைந்தால் மெத்தென்று திரும்பி எழும்புகிறது, கம்பி இல்லை, நூல் இல்லை, மண் இல்லை. மேல்தோல் மட்டும் என்பதால் இதுதான் சுத்தமான தூள் என்று அங்கே வேலை செய்யும் அண்ணன் சொன்னார். லோரி டயரில் இயற்கை ரப்பர் கார் டயரைவிட அதிகம். டயருக்கு மறுவாழ்வு என்று பார்த்தால் முதலில் செலுப்தான், அப்படியே இன்னொரு முறை டயராக ஓடுகிறது, சுரண்டிய தூள் போங்கோலுக்குப் போகிறது. அதனால் ரப்பர் பொருள் விற்கிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: இது செலுப் பட்டறைத் தூளா, முழு டயரை அரைத்த தூளா? முழு டயர்த் தூள் கெட்டது என்று சொல்ல வரவில்லை, சரியாகச் சலித்திருந்தால் போதும். சலிக்காவிட்டால் உள்ளே கம்பித் துணுக்கு இருக்கும், ரப்பர் தேயத் தேய அது வெளியே வந்து அடுத்த ஆளின் டயரில் குத்தும்.

ரப்பரின் பலம் அது இளகிக் கொடுப்பது. லோரி ஏறினால் அமுங்கி மறுபடியும் எழும்பும், ரோடு கொஞ்சம் வளைந்திருந்தாலும் அதோடு படிந்து உட்காரும். இன்னொன்று, டயரில் ஏற்கெனவே கரித்தூள் கலந்திருக்கிறது, அந்தக் கரித்தூள்தான் வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பாற்றுகிறது, நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய விஷயம். பலவீனம், பசை. பசையைக் குறைத்துச் செய்த துண்டு வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஓரத்தைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினால் மிளகுத் தூள் மாதிரி உதிரும். எங்களுக்கு வந்த இரண்டு மாதிரித் துண்டில் ஒன்று அப்படி உதிர்ந்தது, அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மஞ்சள் பட்டையையும் பாருங்கள். மேலே பெயின்ட் அடித்திருந்தால் ஆறு மாதத்தில் போய்விடும், மஞ்சள் ரப்பரையே அச்சில் சேர்த்து அழுத்தியிருந்தால் நிற்கும். துண்டின் அடிப்பக்கம் தண்ணீர் ஓடக் கால்வாய் மாதிரி பள்ளம் விட்டிருக்கிறார்களா என்றும் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக். போன தடவை ஏன் உடைந்தது என்று இப்போது புரிகிறது. வெயிலில் நம் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரி வரை போகும், விடியற்காலையில் 25 டிகிரி. பாலெத்திலீன் வகைப் பிளாஸ்டிக் அந்த வித்தியாசத்தில் ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் வரை நீளும், அதே நீளக் கான்கிரீட் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. போல்ட் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது நீளப் பார்க்கும் பிளாஸ்டிக் எங்கே போகும்? ஓட்டையைச் சுற்றித்தான் அந்த இழுப்பு சேரும், தினமும், வருடம் முழுக்க. ரப்பரும் சூட்டில் நீளும், ஆனால் அது மெத்தென்று இருப்பதால் இழுப்பை வாங்கிக்கொள்ளும். இதோடு மறுசுழற்சியில் பிளாஸ்டிக் வகைகள் கலந்துவிடும் சிக்கல் வேறு. பால் பாட்டிலின் பாலெத்திலீனும் உணவு டப்பாவின் பாலிப்ரொப்பிலீனும் உருகும்போது ஒன்றாகத் தெரியும், ஆறியதும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது, விரிசல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். எங்கள் உடைந்த துண்டின் உள்பக்கத்தைப் பார்த்தேன், சாம்பல் நிறத்துக்கு நடுவே நீலமும் சிவப்புமாகத் தனித்தனிப் பொட்டுகள், ஒரு இடத்தில் சிறு காற்றுக் குழி.

பிளாஸ்டிக் ரோடு என்று நம் ஊரில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் செய்து காட்டியது, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தம்பி அதைச் சொல்லித்தான் பிளாஸ்டிக்குக்காக வாதாடினார். நல்ல வாதம்தான், ஆனால் அந்த முறை வேறு. அங்கே துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவுகிறார்கள், அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்கிறது, அதன் மேல் தார். பிளாஸ்டிக் உள்ளே ஒளிந்திருக்கிறது, வெயில் நேராகப் படுவதில்லை, போல்ட் இழுப்பதில்லை. போங்கோலில் அதே பிளாஸ்டிக் தனியாக, வெயிலில், அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு முக்கியம். 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை நிறுத்திய பிறகு அது நம் பக்கம் திரும்பியது எல்லோருக்கும் தெரியும், 2020 ஜனவரியில் 150 கொள்கலன்களை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பியதாக அரசாங்கம் சொன்னது, அதில் பினாங்குத் துறைமுகத்திலிருந்து போனவையும் உண்டு. நாம் இங்கே வீட்டில் குப்பையைப் பிரித்துப் போட்டு, 2011-இலிருந்து கடையில் பைக்குக் காசு கொடுத்துப் பழகிய மாநிலம். உள்ளூரில் பிரித்த பிளாஸ்டிக்கில் செய்தது என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் எனக்குச் சம்மதம். ஆனால் விற்பவர் மறுசுழற்சி என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். எந்தப் பிளாஸ்டிக், யாருடைய பிளாஸ்டிக் என்று கேட்டால் கேட்டலாக்கைப் புரட்டுகிறார்.

பிளாஸ்டிக்கை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் மாட்டேன். தூக்கி வைத்து, எடுத்து அடுக்கி, மறுபடி வைக்கும் வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் வரிசை வரிசையாக வைக்கும் கோன்களைப் பாருங்கள், இரண்டு பேர் ஒரு லோரியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே போவார்கள். கோனின் உடம்பு மென்மையாக, அடித்தால் மடங்கி எழும்ப வேண்டும், அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். அந்தக் கன அடிப்பாகத்துக்கு மறுசுழற்சிப் பிவிசியோ ரப்பரோ சரியாகப் பொருந்தும், அங்கே நிறமும் வேண்டாம் அழகும் வேண்டாம், கனம் ஒன்றுதான் வேலை. அடிப்பாகம் கறுப்பாக, தனியாகக் கழற்றும்படி இருக்கும் கோனை வாங்கினோம், பன்னிரண்டு கோன். அந்தச் செலவில் யாருக்கும் வருத்தமில்லை.

இப்போது தார். மறுசுழற்சிப் பேச்சில் இதை யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் பழைய தார் ரோட்டைச் சுரண்டி எடுத்து மறுபடியும் சூடாக்கி ரோட்டுக்கே போடலாம், கழிவாகப் போக வேண்டியதே இல்லை. நம் நாட்டில் பால்மரத்தில் கட்டும் மங்கில் (கிண்ணத்தில்) உறைந்த கட்டிப்பாலைத் தாரோடு கலந்து ரோடு போடுவதும் நடக்கிறது. தாத்தா இருந்திருந்தால் அதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

தாருக்கு எனக்குப் பிடித்த காரணம் அதன் வடிவம். வாங்கி வந்து போல்ட் போடும் துண்டு, ரப்பரோ பிளாஸ்டிக்கோ, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். தாரில் போடும் மேடு அப்படி இல்லை. 1970-களில் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் சோதித்துச் சொன்ன வடிவம் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், வில் மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கும், உலகம் முழுக்க அதன் சாயலில்தான் போடுகிறார்கள். குறுகிய துண்டில் மெதுவாகப் போனாலும் முதுகில் தூக்கிப் போடும், ஆனால் வேகமாகப் போகும் காரின் ஸ்பிரிங் அந்த அடியை விழுங்கிவிடும், அதாவது தொல்லை மெதுவாகப் போகிறவருக்கு, வேகமாகப் போகிறவர் தப்பித்துவிடுவார். நீளமான மேட்டில் நேர்மாறு. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் போனால் படகு மாதிரி ஏறி இறங்கும், நாற்பதில் போனால் வண்டி முழுக்கத் தூக்கிப் போடும். மோட்டார் சைக்கிளுக்கு இதில் விளிம்பு என்று ஒன்றே இல்லை, ரோடு எந்தப் பொருளோ மேடும் அதே பொருள், மழையில் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிப்பும் அதே. எங்கள் இரண்டாவது பிளாக்கில் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். குறுகிய போங்கோலில் கார் ஏறும்போதெல்லாம் கையில் ஊசி போட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வாராம். கூட்டத்தில் அவர் மகன் இதைச் சொன்னதும் பேச்சு கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

தாரின் குறையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மேட்டுக்காகச் சூடான தார் லோரியும் உருளையும் வர வேண்டும் என்பதால் ஆரம்பச் செலவு அதிகம். வடிவத்தைக் கையால் கணக்குப் போட்டு அமைக்கிறவர் கைப்பழக்கம் இல்லாதவர் என்றால் மேடு கூம்பிப்போய் காரின் அடி இடிக்கும், அதனால் மரப்பலகையில் வில் வடிவம் வெட்டி வைத்துச் சரிபார்க்கும் ஆளைத் தேடுங்கள். அப்புறம், இதெல்லாம் எங்கள் எல்லைக்குள் இருக்கும் ரோட்டுக்கு மட்டும். கேட்டுக்கு வெளியே இருப்பது பினாங்கு மாநகர் மன்றத்தின் ரோடு, அங்கே அனுமதி இல்லாமல் எதையும் போட்டால் 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம், எந்தப் பொருளில் செய்தது என்பது அங்கே பேச்சே இல்லை.

ஆகவே எண்பது மீட்டர் நேர் ரோட்டுக்குத் தார் மேடு, இரண்டு இடத்தில். கார் நிறுத்துமிடத்துக்குள்ளே, சரிவு முடிந்து திரும்பும் முனையில், ரப்பர் துண்டு. உள்ளே கான்கிரீட் தரை, கூரை இருப்பதால் மழை இல்லை, மோட்டார் சைக்கிள் அங்கே வருவதில்லை, வண்டி பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத இடம். அங்கே 3.7 மீட்டர் மேட்டுக்கு இடமும் இல்லை. ரப்பர் அங்கே வேலையைச் சரியாகச் செய்யும்.

கான்கிரீட் தரை என்றதும் ஒரு எச்சரிக்கை. மேல் தட்டுகளில் போல்ட்டுக்கு ஓட்டை போடுவதற்கு முன்பு கட்டட வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்காமல் இருக்கப் போட்ட படலத்தைத் துளைத்தால் கீழ்த் தட்டில் நிற்கும் கார்களின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும், அது பெயின்ட்டை அரித்துவிடும், அப்புறம் கமிட்டிக்கும் கார்க்காரருக்கும் சண்டை. சில கட்டடங்களில் தரைக்குள்ளே இழுத்துக் கட்டிய இரும்பு வடம் ஓடும், அதைத் துளைப்பது கட்டடத்துக்கே ஆபத்து. நாங்கள் குட்டையான போல்ட்டும் எபாக்ஸிப் பசையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறோம்.

சக்கரம் தடுக்கும் கட்டையில் முடிவு சுலபமாக வந்தது. கான்கிரீட் கட்டை ஒன்று ஐம்பது, அறுபது கிலோ, தூக்க இரண்டு பேர் வேண்டும், காரின் முன் பம்பர் இடித்தால் பம்பர்தான் உடையும், வயதானவர்கள் கால் இடறினால் எலும்புக்குக் கெடுதல், ஓரம் உடைந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே வரும். ரப்பர்க் கட்டை பதினைந்து, பதினாறு கிலோ, ஒருவரே தூக்கிப் போடலாம். ஒரு கார் டயர் எட்டு, ஒன்பது கிலோ, கம்பியும் நூலும் போக ஆறு கிலோ ரப்பர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டையில் இரண்டரை டயர் அடங்குகிறது. எங்களுக்கு நாற்பது கட்டை வேண்டும், நூறு டயர். தூக்கி எறிந்தால் எங்கோ ஓரத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஏடிஸ் கொசுவை வளர்க்கும் நூறு டயர். பிளாஸ்டிக் கட்டையும் லேசுதான், உள்ளே நிழலில் நன்றாகவே நிற்கும், ஆனால் மேல் தட்டு வெயிலில் இரண்டு மீட்டர் நீளக் கட்டை ஒரு சென்டிமீட்டர் நீளும், போன தடவை கதைதான். விலை ரப்பரில் கூடுதல். ஆனால் விலையை அது நிற்கும் வருடங்களால் வகுத்துப் பார்த்தபோது கமிட்டியில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கொசு என்றதும், கம்பம். போங்கோலுக்கும் சாக்கடைக்கும் நடுவே தண்ணீர் ஓட இடைவெளி விட வேண்டும், அந்த இடைவெளியில்தான் மோட்டார்கள் நெளிந்து போகும், பிள்ளைகள் நடக்கும் ஓரமும் அதுதான். அங்கே ஏதாவது நிறுத்தியாக வேண்டும். நம் ஊர் வழக்கம் தெரியும்: பெயின்ட் டின்னில் சிமெண்டை ஊற்றி நடுவில் பைப், அல்லது பழைய டயருக்கு நடுவே சிமெண்ட். கழிவை வீட்டிலேயே பயன்படுத்தியது போலத் தோன்றும், ஆனால் அதன் மேல் மோதுகிறவருக்கு அது ஒரு கல். இரவில் மோட்டாரில் வந்து இடித்தால் டின் நகராது, ஆள்தான் பறப்பார். டயருக்குள் தண்ணீர் தேங்கும், பைப்பின் வாய் திறந்திருந்தால் அதிலும் தேங்கும். அதற்குப் பதில் இடித்தால் மடங்கித் தானாக நிமிரும் கம்பங்கள் கிடைக்கின்றன. இங்கே மறுசுழற்சியைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அடிப்பாகம் டயர் ரப்பராக இருக்கட்டும், தண்டு மட்டும் புதிய, நன்றாக வளையும் பொருளாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், ஏனென்றால் தண்டு முறிந்தால் கூர்முனையோடு நிற்கும். தண்ணீர் நிரப்பும் ஆரஞ்சுத் தடுப்புகள் வேண்டாம் என்றதற்கும் கொசுதான் காரணம், மூடி தொலைந்ததும் அது ஒரு தொட்டி.

கடைசியாகப் பெயின்ட், மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரோட்டில் வெள்ளைக் கோடு இரவில் பளிச்சென்று தெரிவது பெயின்ட்டால் இல்லை, அதன் மேல் தூவும் கண்ணாடி மணிகளால். பழைய ஜன்னல் கண்ணாடியை நொறுக்கி, சூட்டில் உருட்டிச் செய்கிறார்கள். ரோடு போடுகிறவர் ஒரு பையைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். ரவையைவிட நைசு, விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி வழிந்தது, செருப்பின் கீழ் பட்டதும் கால் சறுக்கியது. கார் விளக்கு மணிக்குள் போய் வளைந்து, பின்னால் இருக்கும் பெயின்ட்டில் பட்டு, வந்த வழியிலேயே ஓட்டுபவர் கண்ணுக்குத் திரும்புகிறது. அதற்கு மணி பாதிக்குச் சற்று மேல் பெயின்ட்டில் புதைந்திருக்க வேண்டும். முழுக்க மூழ்கினால் ஒளிராது, மேலாக உட்கார்ந்தால் இரண்டு மழையில் உதிர்ந்துவிடும். சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் கோட்டில் உள்ளேயும் மணி கலந்திருப்பதால் மேலே இருப்பது தேய்ந்தாலும் அடுத்தது வெளியே வரும்.

சாதாரணச் சுவர் பெயின்ட்டைப் போங்கோலுக்கு அடிக்கவே கூடாது. மழையில் அது மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் தடவிய மாதிரி. வெறும் உருண்டை மணி மட்டும் தூவினாலும் வழுக்கும், கூடவே கூரான கண்ணாடிப் பொடியோ மணற்பொடியோ கலந்தால் சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைக்கும். பணம் குறைவாக இருக்கும் கமிட்டி என்றால் நான் சொல்வது இதுதான்: போங்கோலைத் தள்ளிப் போடுங்கள், முதலில் இந்தக் கோட்டைப் போடுங்கள்.

டயர் ரப்பர் விஷமில்லையா என்று கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார், நியாயமான கேள்வி. டயரில் துத்தநாகம் இருக்கிறது, ஓசோனிலிருந்து காக்க 6பிபிடி என்ற ஒரு பொருளும் சேர்க்கிறார்கள். அது காற்றில் மாறி உண்டாகும் ஒரு நச்சுதான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் ஆய்வு வந்தது. ரோட்டில் ஓடும் டயர்கள் தேய்ந்து கொட்டும் தூளோடு ஒப்பிட்டால் பசையில் அழுத்திக் கட்டிய ஒரு கட்டையிலிருந்து வருவது குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் உதிரும் துண்டை வாங்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம், நம் சாக்கடைத் தண்ணீர் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் புலாவ் பூரோங் குப்பை மேடு எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நிபோங் திபால் பக்கம் நிறையப் பேர். டயர் அந்த மாதிரி இடத்துக்குப் போவதைவிடக் கார் நிறுத்துமிடத்தில் கூரைக்குக் கீழே பத்து வருடம் கிடப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்துத் தரைக்கு ரப்பர் வேண்டாம் என்றோம், அங்கே அவர்கள் கையை வைப்பார்கள், வாயிலும் வைப்பார்கள்.

பிடுங்கிய பிளாஸ்டிக் துண்டுகள் இன்னும் குப்பை அறைக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. பழைய சாமான் எடுக்கும் லோரிக்காரர் வந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தார், மண் இருக்கிறது, துருப்பிடித்த இரும்பு சிக்கியிருக்கிறது, என்ன பிளாஸ்டிக் என்று தெரியவில்லை, வேண்டாம் என்று போய்விட்டார். விற்றவருக்குப் போன் செய்தோம், திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை என்றார். அதனால் ரப்பர் கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம்: தேய்ந்துபோன கட்டைகளை அவரே எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் அரைக்க வேண்டும். ஒருவர் மறுத்தார், இன்னொருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார், வேலை அவருக்குப் போனது.

தார் போடுவது அடுத்த சனிக்கிழமை, காலை எட்டு மணிக்குள் வண்டிகளை எடுத்துவிடச் சொல்லி லிப்டில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ஒன்பதாம் மாடி அக்கா இப்போது மறுபடி மோட்டார் ஓட்டுகிறார். முதல் பெரிய மழை அன்றைக்கு நான் அந்த மேட்டில் ஏறி இறங்கிப் பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள் என்றார். ரோடு போடுகிறவர் சிரித்தபடி சரி என்றார், நாங்கள் அதையும் கொட்டேஷனில் எழுதிக்கொண்டோம்.